டிசம்பரில் பாலிக்கு வேண்டாம், தோழி

மதுரை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அண்ணன் பேத்தியின் காதுகுத்து, அதை ஒட்டி வீடு முழுக்கப் படுத்த காய்ச்சல் என்று நாள் ஓடிவிட்டது. முழங்கால் வலி குறைந்துவிட்டதாக நீ எழுதியதை நான் நம்பவில்லை. காய்ச்சலோடு தேர்வு எழுதிவிட்டு வந்து "ஒன்றுமில்லை" என்றவள்தானே நீ.

சரி, பாலிக்கு வருவோம். டிசம்பர் கடைசி வாரம் என்று நீயும் உன் வீட்டுக்காரரும் முடிவே செய்துவிட்டது போல எழுதியிருக்கிறாய். தயவுசெய்து டிக்கெட் எடுத்துவிடாதே. ஐப்பசி, கார்த்திகையோடு நம் மழை ஓயத் தொடங்கும்போதுதான் அங்கே வலுக்கத் தொடங்குகிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே எட்டு பாகையில் இருக்கும் தீவு அது. மார்கழியும் தையும் அவர்களுக்கு அடைமழை மாதங்கள். வடமேற்கிலிருந்து வரும் காற்று கடலில் மிதக்கும் குப்பையையும் கூட்டா கடற்கரையில் கொண்டுவந்து தள்ளும். போதாததற்கு கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம், அதற்கேற்ற அறை வாடகை.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். 2019 மார்ச்சில் மகன் குடும்பத்தோடு போய் வந்தேன் அல்லவா, பயண ஏற்பாட்டாளர் கொடுத்த தாளில் மூன்றாம் நாளுக்கு நேராக "ஓய்வு" என்று மட்டும் இருந்தது. அந்த ஓய்வின் பெயர் நியெப்பி என்பதை விடுதி வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். மார்ச் 7 காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை யாரும் தெருவில் இறங்கக் கூடாது. விமான நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். கைபேசி இணையத்தையும் 2018 முதல் நிறுத்திவிடுகிறார்கள். நெருப்பு, வேலை, பயணம், கேளிக்கை நான்கும் விலக்கு. அவர்களுடைய புத்தாண்டு, சக சகாப்தம் 1941, அப்படித்தான் பிறந்தது. அந்தச் சகாப்தக் கணக்கு நம் நாட்டிலிருந்து போனதுதான். ஆனால் ஊரே வாயை மூடிக்கொண்டு புத்தாண்டைத் தொடங்கும் வழக்கத்தை இங்கே நான் எங்கும் கண்டதில்லை.

மகன் தொலைபேசியில் ஏற்பாட்டாளரைத் திட்டித் தீர்த்தான். நானோ முந்தைய நாள் மாலை பார்த்த காட்சியிலேயே மனம் மயங்கிவிட்டேன். ஒகோ-ஒகோ என்று மூங்கில் சட்டத்தில் கட்டிய பூத உருவங்கள், பல்லும் நகமுமாக, மாடி உயரத்துக்கு. விடலைப் பையன்கள் அவற்றைத் தோளில் சுமந்துகொண்டு சானுர் என்னும் கடலோர ஊரின் தெருக்களில் ஓடுகிறார்கள். நாற்சந்தி வந்ததும் கெட்ட ஆவிகளுக்குத் திசை குழம்பட்டும் என்று சுழற்றுகிறார்கள். அவ்வளவு கூச்சலுக்குப் பிறகு மறுநாள் தீவே மூச்சை அடக்கிக்கொள்கிறது. ஆள் இல்லாத தீவு என்று நினைத்து ஆவிகள் போய்விடுமாம்.

அன்று மாலை வரை மழை. இருட்டியபின் பேத்தி தெரியாமல் குளியலறை விளக்கைப் போட்டுவிட்டாள். சற்று நேரத்தில் வெளியே ஒரு டார்ச் வெளிச்சம். கட்டம் போட்ட கறுப்பு வெள்ளைத் துணி கட்டிய ஊர்க்காவலர், பெச்சாலாங் என்பார்கள். அதட்டவில்லை, விளக்கைக் காட்டிக் கையசைத்தார், அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு மேல் மேகம் விலகியது. நியெப்பி அமாவாசையை ஒட்டியே வருவதால் நிலவும் கிடையாது. விடுதியின் உள்முற்றத்தில் நின்று பால்வீதியைப் பார்த்தேன். அறுபது வயதில், முதல் முறையாக. தவளைச் சத்தமும் கடல் சத்தமும் மட்டும். மகன்கூட வெளியே வந்து பேசாமல் நின்றான்.

அதனால் என் ஆசை நியெப்பி. ஆனால் அது எப்போதும் மார்ச்சையொட்டியே வரும், மழையின் வால் பிடித்து. 2025-இல் மார்ச் 29, 2026-இல் மார்ச் 19. வெயிலும் வேண்டும், திருவிழாவும் வேண்டும் என்று உன் வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால் கலுங்கான்தான் வழி. அதற்கு வேறு பஞ்சாங்கம்: 210 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும், சந்திரனும் கணக்கில்லை, சூரியனும் கணக்கில்லை. அதனால் அந்தப் பண்டிகை மழைக்காலம், வெயில் காலம் என்று எல்லாப் பருவத்திலும் நடந்து போகிறது. 2026-இல் ஜூன் 17. அடுத்தது 2027 ஜனவரி 13. அது பொங்கல் நேரம், உன் மாமியார் விடமாட்டார், மழையும் விடாது. அதற்கடுத்தது 2027 ஆகஸ்டு 11, புதன்கிழமை. ஆஸ்திரேலியப் பக்கமிருந்து வறண்ட காற்று வீசும் காலம். சானுர் வானம் முழுக்கப் பட்டங்கள் பறக்கும். இதைவிட நல்ல பொருத்தம் சுலபத்தில் அமையாது.

கலுங்கானன்று முன்னோர் வீட்டுக்கு வருகிறார்கள், பத்து நாள் கழித்து குனிங்கானன்று திரும்பிப் போகிறார்கள் என்பது நம்பிக்கை. நம் மாளய பட்சம் நினைவுக்கு வருகிறதா? ஆனால் அங்கே துக்கச் சாயல் இல்லை. வீட்டுக்கு வீடு பெஞ்சோர் என்னும் வளைந்த மூங்கில் நிற்கும், நுனியில் தென்னங்குருத்துத் தோரணம். பண்டிகைக்கு முந்தைய நாள் பன்றி அறுக்கும் நாள். நீ சுத்த சைவம், அன்று காலை கிராமத்துப் பக்கம் போகாதே. பண்டிகையன்று கார் ஓட்டுநரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார், கோபித்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டில் கவனம்: காய்கறிக் குழம்பில்கூட தெராசி என்னும் இறால் விழுது சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடு. கோயிலுக்குள் இடுப்பில் சாரோங் துணியும் கச்சையும் கட்ட வேண்டும்.

இன்னொன்று சொல்ல மறந்தேன், தும்பெக் லண்டெப் என்று ஒரு சனிக்கிழமை வரும். முன்பு குறுவாளுக்கும் ஆயுதங்களுக்கும் செய்த பூசை, இப்போது கார், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும். சந்தனப் பொட்டும் பூசணிக்காயும் மட்டும்தான் இல்லை.

ஆகஸ்டில் நூசா பெனிடா தீவுக்கு மட்டும் படகு வேண்டாம், அலை பெரிது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போன அந்தச் சின்னப் படகிலேயே நீ பட்ட பாடு எனக்குத் தெரியும்.

முடிவு உன்னுடையது. ஆகஸ்டு என்றால் நான் தயார். மார்ச் என்றாலும் தயார், ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்டு எழுது: உன் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்கக் கைபேசியைத் தொடாமல், விளக்குப் போடாமல், உன்னோடு மட்டும் பேசிக்கொண்டு இருப்பாரா?

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி