அக்காவுக்காக ஜெபிக்கிற எல்லாருக்கும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அக்காவுக்கு அடுத்த கீமோ திங்கக்கிழமை ஆரம்பிக்குது, ஜெபத்துல நினைச்சுக்கோங்க. போன தடவை ரொம்ப முடியாம போச்சு, வாயெல்லாம் புண்ணு, தண்ணி குடிக்கவே அழுதா, அப்போ மாமா பக்கத்துல உக்காந்து ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே 23ம் சங்கீதம் சொல்லிட்டிருந்தாரு, சர்ச் பக்கமே வராத மனுஷன், அவளுக்காக மனப்பாடம் பண்ணியிருக்காரு.

மாற்கு சுவிசேஷம் 2ம் அதிகாரத்துல, கைகால் விழுந்துபோன திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிட்டு வந்து கூரையைப் பிரிச்சு இறக்கினாங்கல்ல, இயேசு அந்தத் தூக்கிட்டு வந்தவங்க விசுவாசத்தையும்தான் பாத்தார். அக்காவுக்கு இப்போ ஜெபம் பண்ணக்கூட தெம்பு இல்ல, நாமதான் தூக்கணும்.

நேர்ல பாக்க வர்றவங்க கொஞ்சம் கவனிங்க. கீமோ குடுத்து ஒண்ணு ரெண்டு வாரத்துல நோயை எதிர்க்கிற வெள்ளை அணு ரத்தத்துல ரொம்ப குறைஞ்சிடும், அதனால சளி இருமல் இருந்தா போன்லயே ஜெபிங்க, வந்தீங்கன்னா முதல்ல கை கழுவிடுங்க. 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வரணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, ராத்திரியில வண்டி எடுக்க முடிஞ்சவங்க மாமாகிட்ட இப்பவே சொல்லி வைங்க.

அப்புறம், விசுவாசம் இருந்தா மருந்து எதுக்குன்னு தயவுசெஞ்சு யாரும் அவகிட்ட பேசாதீங்க, ரொம்ப உடைஞ்சு போறா. சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியர்தானே.

பசங்களுக்கு சாயங்காலம் ஹோம்வொர்க் சொல்லிக்குடுக்க ஆள் வேணும், முடிஞ்சவங்க எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க.