படர்தாமரை குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பரிசுகள் பெற்றிருக்கிறார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

அடுத்து, உங்கள் கவனத்துக்கு ஒரு செய்தி. கீழ்வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குக் கையிலும் கழுத்திலும் வட்டமாகச் சிவந்த தடிப்பு தெரிகிறது. இரண்டு பேருக்குத் தலையில் காசளவு முடி உதிர்ந்து செதில் படிந்திருக்கிறது. மருத்துவர் பார்த்துவிட்டுப் படர்தாமரை என்றார். விசாரித்ததில், கருவாட்டுக் களத்தில் திரியும் பூனைக்குட்டிகளை இவர்கள் மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறார்கள்.

இது ஒரு பூஞ்சைத் தொற்று. பூனையிடமிருந்து மனிதருக்கும், மனிதரிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். பார்ப்பதற்கு நலமாக இருக்கும் பூனையும் இதைச் சுமந்து திரியலாம். தொட்ட ஓரிரு வாரம் கழித்துத்தான் பெரும்பாலும் தடிப்பு தெரியும். உதிர்ந்த முடியிலும் செதிலிலும் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே சீப்பு, துண்டு, தொப்பி, தலையணை எதையும் பிள்ளைகள் மாற்றிப் பயன்படுத்த வேண்டாம். நம் கடற்கரைப் புழுக்கத்தில், வியர்த்த சீருடையை மறுநாளும் போட்டு அனுப்பாதீர்கள்.

தலையில் வந்தால் பூஞ்சை முடிக்குள்ளேயே போய்விடும். சீமையகத்தி இலையை அரைத்துப் பூசினாலும் மொட்டை அடித்தாலும் தீராது. மருத்துவர் தரும் மாத்திரையைப் பல வாரங்கள் சாப்பிட வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பிள்ளைக்குத் தடவாதீர்கள். அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், பூஞ்சையோ அடியில் பரவிக்கொண்டே இருக்கும். நோயை மறைத்துப் பிள்ளையை அனுப்புவதும் தவறு. குட்டிகளைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர்க் களத்தில் விட்டுவிட்டு வந்ததாகவும் கேள்விப்பட்டேன். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூனைக்கும் மருந்து உண்டு. கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். நோய் வந்த பிள்ளையைத் தனியே உட்கார வைக்கச் சொல்லிச் சிலர் கேட்டீர்கள். அதை நான் செய்ய மாட்டேன். சிகிச்சை தொடங்கி, தடிப்பை மூடிவைத்தால் பிள்ளை வகுப்புக்கு வரலாம்.

கடலுக்குப் போகும் வீடுகளில் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு பகலை ஒதுக்குவது எவ்வளவு சிரமம் என்பதை அறிவேன். அப்படியிருந்தும் முதல் தடிப்பைக் கண்டதுமே பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, எங்களுக்கும் சொல்லியனுப்பிய தாய்மார்களுக்கு மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னதால்தான் மற்றப் பிள்ளைகளையும் உடனே பார்க்க முடிந்தது. மாத்திரை சாப்பிடும் பிள்ளையின் பெயரை வகுப்பாசிரியரிடம் தெரிவித்தால், மதிய உணவுக்குப் பிறகு நாங்களே நினைவூட்டிக் கொடுக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்