யமாஷிதா வழக்கு: ஆறாம் ஆண்டுப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய ஜெனரல் யமாஷிதாவின் போர்க்குற்ற வழக்கை மாணவர்கள் இரு தரப்பாக நின்று வாதாடிக் காட்டும் 'விசாரணை' நாடகத்தை வரலாற்றுக் கழகம் நடத்தவிருக்கிறது. அது குறித்து உங்களில் மூவர் என்னை வந்து பார்த்தீர்கள். "ஜப்பான்காரனுக்கு வக்கீலாக என் மகனையா நிறுத்துவீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். அவருடைய தாத்தா, போர்க்காலத்தில் ஜப்பானியர் கட்டிய சயாம் ரயில் பாதையில் வேலைக்குப் போய்த் திரும்பாதவர். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு நோட்டில் தொடங்கியது. பாட்டியின் இரும்புப் பெட்டியிலிருந்து ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் புழங்கிய பத்து வெள்ளி வாழைமர நோட்டு ஒன்றை ஒரு மாணவி கொண்டுவந்தாள். மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்புறம் தாள் ஒட்டியிருந்தது. "இவர்களை யாரும் தண்டிக்கவில்லையா, ஐயா?" என்றாள்.

அந்தக் கேள்விதான் எங்களை ஜெனரல் தோமோயுகி யமாஷிதாவிடம் கொண்டுபோய்விட்டது. 1941 டிசம்பர் 8 அன்று மலாயாவின் கோத்தாபாருவில் இறங்கியது அவருடைய 25ஆவது படை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் அவரிடம் சரணடைந்தார். 1944இல் அவர் பிலிப்பீன்ஸுக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் மணிலாவில் ஜப்பானியர் நடத்திய படுகொலையிலும் நகரச் சண்டையிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள்.

தன் படையை அடக்கத் தவறினார் என்பதே அவர்மீதான குற்றச்சாட்டு. தான் வடக்கே மலையில் இருந்ததாகவும், தகவல் தொடர்பு அறுந்துபோனதால் நடந்தது எதுவும் தெரியாது என்றும் அவர் வாதிட்டார். விசாரித்த ஐந்து அமெரிக்க ஜெனரல்களில் ஒருவர்கூட சட்டம் படித்தவரில்லை. செவிவழிச் செய்தியும் சாட்சியமானது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மர்ஃபி, ரட்லெட்ஜ் என்ற இரு நீதிபதிகள் இதைக் கடுமையாக எதிர்த்தும் பயனில்லை. 1946 பிப்ரவரி 23 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

விசாரணை அவசர அவசரமாக நடத்தப்பட்டது என்பது என் எண்ணம். ஆனாலும் 'தெரியாது' என்ற சொல் என்னை உறுத்துகிறது. சென்ற ஆண்டு நம் ஊஞ்சல் சங்கிலி அறுந்தபோது நான் வெளியூர்க் கூட்டத்தில் இருந்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியாமல் போகும்?" என்று ஒரு தாய் கேட்டார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஊஞ்சலும் போரும் ஒன்றல்லதான், கேள்வி அதேதான்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் எனக்கே கசந்தது. மலாயாவில் நடந்தவற்றுக்காக யமாஷிதா ஒருநாளும் கூண்டில் ஏறவில்லை. அவர்மீதான வழக்கு பிலிப்பீன்ஸோடு நின்றது. ஜொகூரின் பாரிட் சூலோங்கில் காயம்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியக் கைதிகள் கொல்லப்பட்டதற்கு, அவருக்குக் கீழிருந்த நிஷிமுரா 1951இல் தூக்கிலேறினார்.

யார் எந்தத் தரப்பு என்பது சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்பட்டது. மகனோ மகளோ யமாஷிதாவின் தரப்பில் நிற்க வேண்டாம் என்றால் வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறோம். கோரமான படம் எதுவும் காட்ட மாட்டோம். ஜப்பான்காரன் காலத்தை நேரில் கண்டவர் வீட்டில் இருந்தால் வெள்ளிக்கிழமை அழைத்து வாருங்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்