மகன் உள்ளே இருக்கிறான்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ சொன்ன 'லிபெரா மே' என்ற கொரியப் படத்தை நேற்று ராத்திரி பார்த்து முடித்தேன். அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். தீ என்றால் அவளுக்கு இன்றைக்கும் ஆகாது.

சிறையிலிருந்து வெளியே வந்தவன் ஊரெல்லாம் தீ வைக்கிறான், தீயணைப்பு வீரர்கள் அவனைத் தேடுகிறார்கள். 2000-ல் புசானில் எடுத்த படம் என்றாய். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அம்மாடி, படத்தில் ஆளுக்கு ஆள் முகம் தெரிகிறது. எங்கள் தீயணைப்பு வேலையில் நிஜமாகப் புகைக்குள் போனால் நம் கையே நமக்குத் தெரியாது. புறங்கையால் சுவரைத் தடவிக்கொண்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்துதான் போவோம். ஹோஸை விட்டுவிட்டால் திரும்பி வர வழி தெரியாது.

சரி, ஆளே இல்லாத வீட்டுக்குள் அந்தத் தீயணைப்பு வீரர்கள் ஏன் போனார்கள் என்று போனில் நீ கேட்டதற்கு வருகிறேன். அந்தப் படம் வெளிவந்து நாலே மாதத்தில், 2001 மார்ச் 4 அதிகாலையில், சியோலில் ஹோங்ஜே-டோங் என்ற இடத்தில் நிஜமாகவே ஒருவன் வீட்டுக்குத் தீ வைத்தான். நீ படிக்கிற அதே சியோடேமுன் வட்டம். சந்தில் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்தி வைத்திருந்ததால் வண்டி உள்ளே நுழைய முடியவில்லை. நூறு மீட்டருக்கும் மேல் ஹோஸைத் தோளில் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்களை வெளியே கொண்டுவந்தும் விட்டார்கள். அப்புறம்தான் வீட்டுக்காரம்மா, மகன் உள்ளே இருக்கிறான் என்று கதறினாள். திரும்பவும் போனார்கள். பழைய இரண்டு மாடி வீடு, அப்படியே இடிந்து விழுந்தது. ஆறு பேர் போய்விட்டார்கள். அந்த மகன் உள்ளே இல்லவே இல்லை. தீ வைத்ததே அவன்தான், வைத்துவிட்டு எப்போதோ ஓடிவிட்டான். அவர்கள் உடம்பில் இருந்ததோ தண்ணீர் படாமல் காக்கிற உடை. அனலைத் தாங்கும் உடை அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

2024 டிசம்பரில் வந்த 'தீயணைப்பு வீரர்கள்' படம் இந்தக் கதைதான். ஒரு டிக்கெட்டுக்கு 119 வோன் தீயணைப்பு வீரர்களின் மருத்துவமனைக்கு ஒதுக்கினார்களாம். அங்கே அவசர எண் 119 அல்லவா, படித்ததும் மனசு நெகிழ்ந்துவிட்டது.

ஆளே இல்லாத வீட்டுக்குள் அவர்கள் ஏன் போனார்கள், அப்பா என்று கேட்டாயே. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு குடிசைப் பகுதியில் தீ. பிள்ளை உள்ளே என்று ஒரு பெண் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நானும் இன்னொருவரும் நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனோம். பாயை, பானையை, துணி மூட்டையை எல்லாம் தடவிப் பார்த்தோம். ஒரு தலையணை கையில் பட்டதும் பிள்ளை என்றே நினைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். பிள்ளை பக்கத்துத் தெருவில் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாயை எங்களில் ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் அழுத அழுகையில் பொய் இல்லை. ஹோங்ஜே-டோங் அம்மாவின் அழுகையிலும் பொய் இருந்திருக்காது. பெற்றவள் உள்ளே என்று சொன்னால் உள்ளே போவதுதான் எங்கள் வேலை. சரிபார்த்துவிட்டுப் போகிறேன் என்று நின்றால், பத்தில் ஒன்பது தடவை பிள்ளை உள்ளேதான் இருக்கும். அன்றைக்கு விடியற்காலை வீடு வந்தபோது, அப்பா மேல் கரி வாசம் அடிக்கிறது என்று நீ மூக்கைப் பொத்திக்கொண்டாய். நான் உன்னை நெடுநேரம் கீழே இறக்கிவிடவே இல்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

அந்த ஆறு பேர் வீட்டிலும் யாரோ காத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் மாடிப்படியில் ஷூ ஸ்டாண்டும் இரண்டு அட்டைப்பெட்டியும் இருக்கின்றன, கீழே வாசலை மறித்து ஒரு சைக்கிள். வீட்டு ஓனரிடம் மரியாதையாகச் சொல்லி எடுக்கச் சொல். நீ இருப்பது நாலாவது மாடி. ஜன்னல் பக்கத்தில் கயிற்றில் இறங்குகிற கருவி இருக்க வேண்டும், அங்கே வான்காங்கி என்பார்கள். அது இருக்கிறதா, மாட்டுகிற கொக்கி ஆடாமல் நிற்கிறதா என்று கையால் இழுத்துப் பார்த்துவிட்டு இன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா