தேர்ச் சக்கரமும் அப்பாவின் முகமும்

கல்லிடைக்குறிச்சி
ஆடி முதல் வாரம்

அன்புள்ள மாப்பிள்ளை,

புரொஜெக்டர் வாங்கப்போகிறேன், எதை வாங்குவது, எங்கே வைப்பது என்று கேட்டு நீ எழுதிய கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது, கீழே படித்தால் தெரியும். இங்கே எல்லாரும் சுகம். சாரல் இந்த வருஷம் நன்றாகவே இருக்கிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, கார் நடவும் முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலிதான் தீரவில்லை. அதனால் ஆனித் தேரோட்டத்துக்கு அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போக முடியவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து நெல்லையப்பர் தேர் பார்க்காத வருஷமே இல்லை என்று சொல்லுகிறவள். அன்றைக்கு முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மகன் தேரை முழுக்கப் போனில் எடுத்து வந்திருந்தான். அதை அந்தச் சின்னத் திரையில் காட்டினால் அவளுக்குக் கண் தெரியாது. டியூஷன் சென்டர் நடத்திக்கொண்டிருந்த தெரிந்தவர் ஒருவர் அதை மூடும்போது தன் பழைய புரொஜெக்டரைக் குறைந்த விலைக்குக் கொடுத்திருந்தார். அது பரணில் தூங்கிக்கொண்டிருந்தது. இறக்கித் துடைத்து, பட்டாசாலையில் காலண்டர் மாட்டியிருந்த சுவரைக் காலி பண்ணி, லேப்டாப்பை மாட்டினேன். படம் வந்தது. வாசல் விளக்கை அணைத்தோம். தேர் வடத்தை இழுக்கிற சத்தம் கேட்டதும் அம்மா கை கூப்பினாள். கொஞ்ச நேரத்தில் கையை இறக்கிவிட்டுச் சொன்னாள்: “ஏலே, இது நம்ம தேர் மாதிரி இல்லயேலே. சக்கரம் ஏன் கோழிமுட்டை கணக்கா இருக்கு?”

உண்மைதான். சக்கரம் நீள்வட்டமாக நிமிர்ந்து நின்றது. வடம் இழுக்கிறவர்கள் எல்லாரும் மூங்கில் போல ஒல்லியாகத் தெரிந்தார்கள். அப்புறம் அப்பாவின் போட்டோவைப் போட்டேன், அந்தக் கதர்ச் சட்டைப் போட்டோ, உனக்கு நினைவிருக்கும். அப்பாவுக்கு வட்ட முகம் அல்லவா? சுவரில் கன்னம் ஒட்டி, தாடை நீண்டு, யாரோ போல இருந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. மனிதர் போய்ப் பதினொரு வருஷமாகிறது. அவர் முகத்தைத் தப்பாகக் காட்டிவிட்டோமே என்ற எண்ணம் விடவே இல்லை.

மறுநாள் உட்கார்ந்து பார்த்தேன். லேப்டாப்பின் திரை அகலத்தில் 1366 புள்ளி, உயரத்தில் 768 புள்ளி, அதாவது 16-க்கு 9 என்ற அகலத் திரை. புரொஜெக்டரின் உள்ளே படத்தை உருவாக்குகிற சில்லு (சிப்) 1024-க்கு 768, பழைய 4-க்கு 3 வடிவம். லேப்டாப்பில் ‘பெயிண்ட்’ என்ற படம் வரைகிற புரோகிராமில் ஷிப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டு ஒரு வட்டம் போட்டு, சுவரில் டேப் வைத்து அளந்தேன். உயரம் 60 சென்டிமீட்டர், அகலம் 45. சரியாக முக்கால் பங்கு. 16-க்கு 9 படத்தை 4-க்கு 3 சட்டத்துக்குள் மேலும் கீழும் இடம் விடாமல் அடைத்தால் அகலம் முக்காலாகத்தான் சுருங்கும். ஆக, பழுது ஒன்றும் இல்லை, எங்கோ அடைக்கிறது, அவ்வளவுதான் என்று தெரிந்ததும் பாதி பாரம் இறங்கிவிட்டது.

எங்கே அடைக்கிறது என்பதுதான் ரொம்ப சுவாரசியமான விஷயம். இந்தப் புரொஜெக்டரில் விஜிஏ என்ற பழைய படக்கம்பி இணைப்பு மட்டும்தான் உண்டு. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ என்ற புது இணைப்பு மட்டும்தான். நடுவில் ஒன்றை மற்றதாக மாற்றுகிற ஒரு கன்வெர்ட்டர் போட்டிருந்தேன். விஜிஏ கம்பியில் படம் அலையாகத்தான் போகிறது. ஒரு வரியில் எத்தனை புள்ளி என்று அந்த அலை எங்கும் சொல்லுவதில்லை. வரி எப்போது தொடங்குகிறது, பக்கம் (ஒரு முழுப் படம்) எப்போது தொடங்குகிறது என்ற இரண்டு துடிப்புகள்தான் கூடப் போகின்றன. புரொஜெக்டர் அவற்றை எண்ணி, இது இன்ன அளவாக இருக்கும் என்று ஊகித்துக்கொள்கிறது. 1024-க்கு 768 என்றாலும் 1360-க்கு 768 என்றாலும் வரிகள் அதே 768, விநாடிக்கு அதே 60 பக்கம். துடிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். நம் புரொஜெக்டர் தனக்குப் பழகிய 1024 என்றே எடுத்துக்கொண்டு, 1360 புள்ளி வரவேண்டிய வரியை 1024 இடத்தில் மடக்கிப் போட்டுவிட்டது. அது பொய் சொல்லவில்லை மாப்பிள்ளை, அதற்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான். (1366 எப்படி 1360 ஆனது என்று கேட்பாய். அகலத்தை எட்டு எட்டாக எண்ணுகிற பழைய முறையில் 1366 வகுபடாது, 1360 வகுபடும்.)

தன் அளவு என்ன என்பதை லேப்டாப்புக்குச் சொல்லுவதற்குப் புரொஜெக்டரிலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இடிஐடி என்று பெயர், ஒரு ஜாதகக் குறிப்பு மாதிரி. விஜிஏ முனையில் மூன்று வரிசையாகப் பதினைந்து ஊசிகள் உண்டு. மூன்றாவது வரிசையில் இரண்டாவதும் கடைசியும்தான் அந்தக் குறிப்பைக் கொண்டுபோகிறவை. என் லேப்டாப்பில் புரொஜெக்டரின் பெயரே வராமல் ‘ஜெனரிக்’ என்று பொதுப்பெயர் வந்ததும் சந்தேகம் தட்டியது. கம்பியின் முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். நடு வரிசையில் ஒரு ஊசி இல்லை. அது நிறைய கம்பிகளில் இல்லாததுதான், குற்றமில்லை. ஆனால் மூன்றாவது வரிசையிலும் இரண்டாவது இடம் வெறும் குழியாக இருந்தது. செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்துத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய், இருக்கிறதிலேயே தடிமனான கம்பியாக வாங்கி, கடையிலேயே ஊசிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். மாட்டியதும் புரொஜெக்டரின் பெயர் லேப்டாப்பில் வந்தது, சரியான அளவுகளின் பட்டியலும் வந்தது.

அதற்குப் பிறகும் முட்டைச் சக்கரம்தான். ஏனென்றால் ‘டூப்ளிகேட்’ என்று வைத்திருந்தேன். அதில் லேப்டாப் திரைக்கும் சுவருக்கும் ஒரே படம்தான் போகவேண்டும். லேப்டாப் தன் அகலத்தையே அங்கேயும் அனுப்பிக்கொண்டிருந்தது. விண்டோஸ் பொத்தானையும் பி-யையும் சேர்த்து அமுக்கி ‘எக்ஸ்டெண்ட்’ என்று மாற்றினேன். இப்போது சுவர் தனித் திரை. அதற்கு மட்டும் 1024-க்கு 768 என்று கொடுத்தேன். வீடியோ ஓட்டுகிற விஎல்சியைச் சுவர்ப் பக்கம் இழுத்துவிட்டு முழுத்திரை பண்ணினேன். அது தானாகவே மேலே 96 வரி, கீழே 96 வரி கறுப்பாக விட்டு, நடுவில் 1024-க்கு 576 படத்தை வைத்தது. டேப் வைத்தேன். வட்டம் 45-க்கு 45. எழுத்துகளும் ஊசி மாதிரி தெளிந்துவிட்டன, ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி போகிறது அல்லவா.

புரொஜெக்டரின் மெனுவிலேயே ‘வைடு’ என்று ஊகத்தைத் திருத்துகிற வழியும் உண்டு. அதிலும் வடிவம் சரியாகத்தான் வந்தது, ஆனால் 1360 புள்ளியை 1024-க்குள் குறுக்குவதால் எழுத்து கொஞ்சம் மங்கியது. எனக்கு முதல் வழியே பிடித்திருக்கிறது. கறுப்புப் பட்டையைப் பார்த்து இடம் வீணாகிறதே என்று நிறையப் பேர் படத்தை இழுத்து நிரப்புகிற ‘ஃபுல்’ பொத்தானை அமுக்கிவிடுகிறார்கள். வீணாகட்டும். முகம் கெடக்கூடாது.

இதில் ஒரு விடுகதை மிச்சம் இருந்தது. முதல் நாள் ராத்திரி தேரும் போட்டோவும் ஒல்லியாக வந்தபோதே, அக்கா கல்யாண வீடியோ மட்டும் ஒழுங்காகத் தெரிந்தது. எல்லாம் சரிபண்ணிய பிறகு பார்த்தால் அதில் எல்லாரும் குண்டாகிவிட்டார்கள்! இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 1994-இல் எடுத்த கேசட் அது. பிறகு ஒரு கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். நம் ஊர் பழைய வீடியோவை 720-க்கு 576 என்று சேமிக்கிறார்கள். அதே 720-க்கு 576-ஐ 4-க்கு 3 படத்துக்கும் வைப்பார்கள், 16-க்கு 9 படத்துக்கும் வைப்பார்கள். இழுத்துக் காட்டவேண்டிய வடிவம் எது என்று ஒரு சின்னக் குறிப்புதான் வித்தியாசம். கடையில் அந்தக் குறிப்பை அகலத் திரை என்று போட்டுவிட்டார்கள். அங்கே ஒருவர் அகலமாக இழுத்தார், இங்கே புரொஜெக்டர் அதே அளவு சுருக்கியது, கணக்கு நேராகிவிட்டது. விஎல்சியில் ‘ஏ’ எழுத்தை மூலையில் 4:3 என்று வரும்வரை தட்டினேன். கோப்பு கெடவில்லை, காட்டுகிற விதம்தான் மாறியது. என் புரொஜெக்டரின் வடிவமும் 4-க்கு 3 என்பதால் சுவர் முழுக்க நிறைந்துவிட்டது.

புரொஜெக்டரை எங்கே வைப்பது என்று நீ கேட்டிருந்தாய். என்னுடையதற்கு மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் ஒன்றரை மீட்டர் அகலம் கிடைக்கிறது. முதலில் கீழே முக்காலியில் வைத்து மேல்நோக்கிச் சாய்த்தேன். படம் மேலே விரிந்து கீழே குறுகியது. அதற்கு ‘கீஸ்டோன்’ என்று திருத்தம் உண்டு, ஆனால் அது புள்ளிகளை நசுக்கித்தான் நேராக்குகிறது. அலமாரிப் பலகையைச் சுவருக்கு நேராக இறக்கி அதன்மேல் வைத்துவிட்டேன்.

சரி, நீ வாங்கப்போகிறது பற்றி. பெட்டியில் ‘1080பி சப்போர்ட்’ என்று போட்டிருந்தால் நம்பி வாங்காதே. அந்த 1920-க்கு 1080 அளவு சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அதற்கு அர்த்தம். உள்ளே 800-க்கு 480 மட்டும் இருக்கிறவையும் அப்படித்தான் போட்டுக்கொள்கின்றன. ‘நேட்டிவ்’, அதாவது உள்ளே இருக்கிற சில்லின் சொந்த அளவு, எவ்வளவு என்று கேள். உங்களுக்குப் பெரும்பாலும் கிரிக்கெட்டும் சினிமாவும்தான் என்பதால் 1920-க்கு 1080 போதும். 1280-க்கு 800 கிடைத்தாலும் மோசமில்லை, மேலும் கீழும் 40 வரிதான் கறுப்பாக நிற்கும். உன் மகளின் லேப்டாப் 1920-க்கு 1200 என்று எழுதியிருந்தாய், அது 16-க்கு 10. ஆகவே அங்கேயும் டூப்ளிகேட் வேண்டாம், எக்ஸ்டெண்ட் வை. எச்டிஎம்ஐ-இல் கீழே இருக்கிற டாஸ்க்பார் கண்ணுக்குத் தெரியாமல் போனால் பயப்படாதே. டிவி சிக்னல் என்று நினைத்து ஓரத்தை வெட்டுகிறது. மெனுவில் ‘ஓவர்ஸ்கேன்’ என்பதை அணைத்தால் வந்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி எல்லாரும் உட்கார்ந்தோம். முதலில் தேர். சக்கரம் உருண்டது. அம்மா கடைசிவரை கூப்பிய கையை எடுக்கவில்லை. பிறகு கல்யாண வீடியோ. மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் அப்பா நிற்கிறார், தலையை ஆட்டிக்கொண்டு. காருக்குறிச்சி அருணாசலம் வாசிப்பை நேரில் கேட்டவர் அல்லவா, நாதஸ்வரம் என்றால் அவர் முகமே வேறு மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள் அம்மா. நிறுத்தினேன். முழங்கால் வலியோடு எழுந்து சுவர்ப் பக்கம் போனாள். அவள் நிழல் படத்தின்மேல் விழுந்தது. கொஞ்சம் விலகி நின்று, “இப்பதான்லே உங்கப்பா” என்றாள்.

அந்தக் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன் நீதானே. இரண்டு இடத்தில் வாளியோடு ஓடுகிறாய், மீசை அப்போதுதான் முளைத்திருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது உங்கள் வீட்டுக் கேசட்டுகளையும் எடுத்து வா. பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டிப் பார்க்காமல் அப்படியே கொண்டு வா. அதற்கு முன்னால் உன் வீட்டு ஹால் சுவரின் அகலமும், எதிர்ச் சுவர்வரை உள்ள தூரமும் அளந்து எழுது.

அன்புடன்,
உன் கல்லிடை நண்பன்