அடுத்த கார்டுக்கு வாட்டைக் கூட்டும் முன்: பிசிஐ-சிக் அமைப்புக்கும் என்விடியாவுக்கும் ஒரு திறந்த மடல்

கணினிக் கார்டுகளுக்கான பொது விதிகளை எழுதும் தொழில் கூட்டமைப்பான பிசிஐ-சிக்கில் மின் இணைப்பு விதிகளை வகுக்கும் குழுவினருக்கும், என்விடியாவின் கிராஃபிக்ஸ் கார்டு வடிவமைப்புக் குழுவினருக்கும்,

வணக்கம்.

அடுத்த தலைமுறையைப் பற்றிய ஊகங்கள் வழக்கம்போலக் கிளம்பிவிட்டன. 128 ஜிபி ஜிடிடிஆர்7 நினைவகத்தோடு என்விடியாவின் ஏஐ சிப்பான ரூபின் சிபிஎக்ஸ் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஆர்வலர்கள் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதே குடும்பத்துச் சிப் விளையாட்டுக் கார்டுக்கு எத்தனை கோர்களோடு இறங்கும், நினைவகத்துக்கான 512 பிட் பஸ் நீடிக்குமா, 3 ஜிபி மெமரி சிப்கள் பதினாறைப் போட்டு 48 ஜிபி கொடுப்பார்களா? பெயரே அறிவிக்கப்படாத கார்டுக்கு 6090 என்று நாங்களே பெயர் சூட்டியும் ஆயிற்று. ஆளுக்கொரு எண் சொல்கிறோம். வாட் குறையப்போவதில்லை என்பதில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்த வாட் எந்த வழியாக உள்ளே வரப்போகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல். 2022 அக்டோபரில் என்விடியாவின் 4090 கார்டு வந்த சில நாட்களிலிருந்து அதன் புதிய மின் கனெக்டர்கள் உருகிக் கருகிய கதை எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் கேட்கிறோம். அடுத்த உயர்நிலைக் கார்டில் 12 வோல்ட் பின்கள் ஆறையும் கனெக்டரின் காலடியிலேயே ஒரே செம்புத் தளத்தில் சேர்த்துவிடாதீர்கள். குறைந்தது இரண்டிரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவின் மின்னோட்டத்தையும் கார்டே அளக்கட்டும். அளவு மீறினால் கார்டே வேகத்தைக் குறைக்கட்டும், அல்லது நின்றுபோகட்டும். இதைத் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடாமல் விதியாக எழுதுங்கள்.

2025-ல் வந்த 5090 கார்டின் 575 வாட் என்பது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 48 ஆம்பியர். ஆறு கம்பிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் கம்பிக்கு 8 ஆம்பியர். பின் ஒன்றுக்கு நீங்கள் விதித்திருக்கும் வரம்பு 9 ஆம்பியரைச் சற்றே தாண்டுகிறது. காகிதத்தில் பிசகில்லை. ஆனால் ஆறும் இரு முனையிலும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும்போது, எந்தக் கம்பி எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது உங்கள் விதிநூல் அல்ல, மின்தடை. 16 கேஜ் கம்பி 60 செ.மீ. நீளத்துக்கு சுமார் 8 மில்லி ஓம். இரு முனைத் தொடுப்புகளையும் சேர்த்து ஒரு பாதைக்கு 12 மில்லி ஓம் என்று வையுங்கள். நான்கு பாதைகளில் தொடுப்பு தளர்ந்து 60 மில்லி ஓமுக்கு ஏறினால், நல்ல நிலையில் இருக்கும் இரண்டு கம்பிகள் ஆளுக்கு 17 ஆம்பியர் சுமக்கும்; மற்ற நான்கும் ஆளுக்கு 3.4 ஆம்பியரோடு நின்றுவிடும். அந்த இரண்டு கம்பிகளிலும் அவற்றின் பின்களிலும் வெப்பம் நாலரை மடங்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் இங்கே நடக்கிறது. கெட்ட தொடுப்பு குளிர்ந்து கிடக்க, நல்ல தொடுப்பு கருகுகிறது.

இது வெறும் கணக்கு அல்ல. 2025 பிப்ரவரியில் டெர்8அவர் என்று அறியப்படும் ஜெர்மானிய யூடியூபர் ரோமன் ஹார்ட்டுங், என்விடியாவின் சொந்தப் பதிப்பான ஒரு 5090 ஃபவுண்டர்ஸ் எடிஷனை ஓடவிட்டு அளந்தபோது, ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. பவர் சப்ளைப் பக்கத்துக் கனெக்டர் 150 டிகிரி செல்சியஸை எட்டியது. கார்டு அந்த நேரம் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தெரிவது மொத்தம் 48 ஆம்பியர் வருகிறது என்பது மட்டும்தான். பவர் சப்ளைக்கும் தெரியாது: ஒரே ரெயில் (12 வோல்ட் வெளியீட்டுப் பாதை) கொண்ட 1000 வாட் பவர் சப்ளையின் மிகைமின்னோட்டக் காப்பு 80 ஆம்பியருக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும். ஆக, ஒரு கம்பி எரிகிறது என்பதை அறியக்கூடிய ஒரு பாகம்கூட அந்தப் பெட்டிக்குள் இல்லை.

இதைச் செய்யத் தெரியாதவர்களிடம் நாங்கள் கேட்கவில்லை. 2022 மார்ச்சில் வந்த 3090 டிஐ இதே கனெக்டரில் 450 வாட் எடுத்தது. அதில் ஆறு பின்கள் மூன்று சோடிகளாகப் பிரிந்து, சோடிக்கு ஒரு ஷண்ட் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) வழியாகச் சென்றன. ஒரு சோடி முழுவதும் தொடுப்பு இழந்தால் கார்டு உயிர்பெறாது. அதைவிட எளிய பாதுகாப்பு இல்லை. ஒரு சோடியில் ஒரு பின் மட்டும் செத்தால் அதன் கூட்டாளி 12.5 ஆம்பியர் சுமக்க நேரும், உண்மைதான். அதனால்தான் பின் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளப்பது உத்தமம் என்கிறோம். ஆனாலும் மொத்தச் சுமையும் ஒன்றிரண்டு பின்களின் தலையில் இறங்க அந்த அமைப்பு இடம் கொடுக்காது. அடுத்த தலைமுறையில் அதை நீங்களே கழற்றிவிட்டீர்கள். அதற்கடுத்த 5090-இல் வாட்டும் ஏறியது.

2023-ல் இந்தக் கனெக்டருக்கு 12வி-2×6 என்று திருத்தம் வந்ததை மறுக்கவில்லை. எத்தனை வாட் எடுக்கலாம் என்று கார்டுக்குச் சொல்லும் சென்ஸ் பின்களை உள்ளே இழுத்தீர்கள், மின் பின்களை 0.25 மி.மீ. நீட்டினீர்கள், சென்ஸ் பின்கள் இரண்டும் இணைப்பின்றித் திறந்திருந்தால் 150 வாட் என்றிருந்ததைச் சுழியம் ஆக்கினீர்கள். அரைகுறையாகச் செருகிய கேபிளோடு கார்டு ஓடுவதை இது தடுக்கிறது. நல்ல வேலை. ஆனால் முழுமையாகச் செருகிய பிறகு ஆறு பின்களில் எது இறுக்கம், எது தளர்ச்சி என்று சென்ஸ் பின்னுக்குத் தெரியாது. 5090-இல் இருப்பது இந்தத் திருத்திய கனெக்டர்தான்.

இப்போது கார்டு வாங்கியவரின் பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். தன் கேபிள் சரியாகப் பங்கிடுகிறதா என்று அறிய அவருக்கு இருக்கும் வழி, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர். கடையில் மலிவாகக் கிடைப்பது ஏசி மட்டும் அளக்கும். இதற்கு ஹால் சென்சர் வைத்த டிசி கிளாம்ப் வேண்டும். அதன் வாய், நெருக்கியடித்து நிற்கும் கம்பிகளில் ஒன்றை மட்டும் கவ்வும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். கேபிளின் உறையைப் பிரிக்க வேண்டும். எல்லாக் கம்பியும் கறுப்பாக இருப்பதால் எது 12 வோல்ட், எது கிரவுண்ட் என்று மின்னோட்டத்தின் திசையை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் முன் மீட்டரைச் சுழியமாக்க வேண்டும், இல்லையேல் எஞ்சிய காந்தம் ஓர் ஆம்பியரைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். தொடுப்பின் மின்தடை சூட்டில் மாறும் என்பதால் முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகே அளக்க வேண்டும். இன்ஃப்ராரெட் வெப்பமானி உதவாது. அது பார்ப்பது பிளாஸ்டிக்கின் வெளிப்புறத்தை.

இத்தனையும் செய்து ஒரு கம்பி 12 ஆம்பியர் காட்டினால்? கணினியை அணைத்து, கேபிளைக் கழற்றி, மறுபடி செருகி, மறுபடி அளக்க வேண்டும். கிளாம்பை மாட்டும்போது கம்பி அசைந்தாலே உள்ளிருக்கும் பின் சற்று நகர்ந்து எண் மாறிவிடும். ஒவ்வொரு முறை கழற்றிச் செருகும்போதும் பின்னின் பிடி கொஞ்சம் தேயும். இந்தக் கனெக்டருக்கு விதித்திருக்கும் ஆயுளே 30 செருகல்தான். பாதுகாப்பைச் சோதிக்கும் செயலே பாதுகாப்பைக் குறைக்கிறது. சோதிக்காவிட்டால் கவனக்குறைவு என்பீர்கள். 1,999 டாலர் விலையிட்ட பொருளுக்கு வாங்கியவர் வேறு எப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்?

2022 நவம்பரில் என்விடியா சொன்ன பதில், உலகம் முழுவதும் சுமார் 50 புகார்கள், முழுமையாகச் செருகாததே முக்கியக் காரணம் என்பது. ஒப்புக்கொள்வோம். ஆனால் தேர்ந்த கைகளும் தவறிச் செருகக்கூடிய ஒரு கனெக்டர் இருந்தால், அதை வடிவமைத்தவருக்கும் அந்தத் தவற்றில் பங்கு உண்டு அல்லவா? 2024-ல் ஒரு கேபிள் நிறுவனம் தன் கோண அடாப்டர்களை அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழியே 25,000-க்கும் மேல் திரும்பப் பெற்றது. கனெக்டரின் விதியை எழுதியவர்கள் எதைத் திரும்பப் பெற்றார்கள் என்று நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பேசத் தொடங்கினால் நிற்காது. 549 டாலர் 5070 கார்டில் 4090-இன் வேகம் என்று மேடையில் அறிவித்தீர்கள். அதில் பாதிக்கு மேல் ஏஐ இட்டு நிரப்பிய செயற்கைச் சட்டகங்கள் என்பதை நாங்கள் பிறகு எண்ணித் தெரிந்துகொண்டோம். 5090 கார்டுகள் சிலவற்றில் 176-க்குப் பதில் 168 ஆர்ஓபி (படப்புள்ளிகளை எழுதி முடிக்கும் அலகு) மட்டும் இருப்பதை வாங்கியவர்கள் கண்டுபிடித்த பின்தான் ஒப்புக்கொண்டீர்கள். 4080 12 ஜிபியை அறிவித்து, அறிவிக்காததாக்கினீர்கள். தொழிற்சாலையில் ஆர்ஓபியையே எண்ணாதவர்கள் எங்களைக் கம்பிக்குக் கம்பி ஆம்பியர் எண்ணச் சொல்வது வேடிக்கைதான்.

மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்று, அதற்கே திரும்புகிறோம்.

இடமில்லை, செலவாகும் என்ற பதில் வரக்கூடும். ஆஸுஸ் தன் ஆஸ்ட்ரல் 5090 கார்டில் பின் ஒவ்வொன்றையும் தனியே அளக்கிறது. அதே கனெக்டர், அதே சிப். ஆகவே பலகையில் இடம் இருக்கிறது. ஷண்டும் அளவிச் சிப்பும் இந்த விலையில் ஒரு பொருட்டல்ல. ஆனால் அந்த அளவு மென்பொருள் சாளரத்தில் எச்சரிக்கையாக வருவதோடு சரி, மின்னோட்டத்தைச் சமப்படுத்துவதில்லை. இரவு முழுவதும் ரெண்டரிங் ஓடவிட்டு உறங்கப் போனவருக்கு அந்தச் சாளரத்தால் என்ன பயன்? முடிவெடுப்பது கார்டுக்குள்ளேயே பதிந்த நிரலான ஃபர்ம்வேராக இருக்க வேண்டும்.

பிசிஐ-சிக் குழுவினருக்குத் தனியே ஒரு சொல். இது ஒரு நிறுவனத்தின் சிக்கல் மட்டும் அல்ல. ஏஎம்டியின் 9070 எக்ஸ்டி கார்டுகளில் இந்தக் கனெக்டரைத் தேர்ந்தவற்றிலிருந்தும் கருகல் செய்திகள் வந்தன, அது 300 வாட்டை ஒட்டிய கார்டு. பழைய 8 பின்னில் 150 வாட்டுக்கு மூன்று கம்பிகள், கம்பிக்கு 4.2 ஆம்பியர்; பின்னின் தாங்குதிறன் அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. புதியதில் 600 வாட்டுக்குப் பின் ஒன்றுக்கு 8.3 ஆம்பியர், மிச்சம் பத்து விழுக்காட்டை ஒட்டி. என்விடியாவின் தொழில்முறைக் கார்டான ஆர்டிஎக்ஸ் ப்ரோ 6000 அந்த 600 வாட்டையும் ஒற்றைக் கனெக்டரில் எடுக்கிறது. அடுத்த கார்டு இதைத் தாண்டுமானால் இரண்டு கனெக்டர்கள் கட்டாயம் என்றும் எழுதுங்கள். அழகு கெடும் என்பார்கள். கெடட்டும்.

உங்கள் வேலைச் சுமை அறிவோம். ஆயினும் பலகையின் வரைபடம் முடிந்த பிறகு எந்த விதியும் அந்தத் தலைமுறைக்கு உதவாது. ஆகையால் அடுத்த திருத்தத்திலேயே இந்த ஒரு வரியைச் சேர்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்: 300 வாட்டுக்கு மேல் எடுக்கும் எந்தக் கார்டும் 12 வோல்ட் பின்களைக் குறைந்தது மூன்று பிரிவுகளாகத் தனித்தனியே அளக்க வேண்டும், ஏதேனும் ஒரு பிரிவு தன் பின்களின் வரம்பைத் தாண்டினால் கணினியின் மென்பொருள் உதவியின்றித் தானே சுமையைக் குறைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உயர்நிலைக் கார்டுகளைப் பிறருக்குப் பொருத்திக் கொடுப்போர் சார்பில்