இத்தாலியச் சாசேஜ் சமைப்பது பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் நெருங்குவதால் பாளையங்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இத்தாலியச் சாசேஜ் கேட்டு வருவோர் கூடியிருக்கிறார்கள். வாங்கிச் சென்றவர்களில் சிலர், வெளியே கருகிவிட்டது, உள்ளே வேகவில்லை என்று வருத்தப்பட்டார்கள். அவர்களுக்காகவே இந்த மடல்.

பேக்கரிகளில் ரொட்டிக்குள் வைத்துத் தரும் சிவந்த சாசேஜ் முன்பே வேகவைத்தது, சூடுபடுத்தினால் போதும். இத்தாலியச் சாசேஜோ முழுக்கப் பச்சை இறைச்சி. பன்றிக்கறியைக் கொழுப்போடு கொத்தி, உப்பு, மிளகு, பூண்டு, பெருஞ்சீரகம் சேர்த்துக் குடல் தோலில் அடைத்தது. கார வகையில் வற்றல் மிளகாயும் உண்டு. நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால்தான் பயமின்றிச் சாப்பிடலாம். சமையல் வெப்பமானி இருந்தால் அதையே நம்புங்கள், நிறம் ஏமாற்றும்.

அவசரம் இதற்கு ஆகாது. அடி கனத்த சட்டியில் சாசேஜை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி, சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். நடுவே ஒருமுறை திருப்பிவிடுங்கள். பிறகு மூடியை எடுத்துத் தண்ணீரை வற்றவிட்டால், இறங்கிய கொழுப்பிலேயே அழகாகச் சிவக்கும். எண்ணெய் வேண்டியதில்லை. முள்கரண்டியால் குத்தவே குத்தாதீர்கள். சாறு ஓடிவிட்டால் சக்கைதான் மிஞ்சும். தீ கூடினால் தோல் சுருங்கி வெடித்துவிடும்.

இத்தாலியர்கள் இதைக் குடைமிளகாய், வெங்காயத்தோடு வதக்குவார்கள். பருப்பு, பயறு வகைகளோடும் சேர்ப்பார்கள். நம் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் இதற்கு அருமையாகப் பொருந்தும். தோலை உரித்துவிட்டு உள்ளிருப்பதை உதிர்த்து வறுத்து, தக்காளியோடு சுண்டவிட்டால் இடியாப்பத்துக்கு நல்ல துணை. கறிமசாலா மட்டும் போடாதீர்கள். பெருஞ்சீரக வாசனைக்காகவே வாங்குகிற பண்டம் இது; மசாலா அதை அமுக்கிவிடும். உப்பையும் கடைசியில் ருசி பார்த்தே சேருங்கள்.

நம் ஊர் வெயிலில் இதை வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். மற்ற வேலைகளை முடித்துவிட்டுக் கடைசியாக எங்கள் கடைக்கு வாருங்கள். ஐஸ் வைத்துக் கட்டித் தருகிறோம். வீட்டில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வரை வைக்கலாம். அதற்கு மேல் என்றால் பிரீசர்தான். உறைந்ததை முந்தின இரவே பிரிட்ஜுக்குள் இறக்கி வையுங்கள். அடுப்படி மேடையில் வைத்து இளகவிடக் கூடாது.

பண்டிகைக்கு வேண்டியவர்கள் காரமா, காரமில்லாததா என்பதையும் சேர்த்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றன்று அடைத்துத் தருவதால் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைப்பது கடினம்.

இப்படிக்கு,
கடையினர்,
பாளையங்கோட்டை